கேளாமற் செய்யும் உதவி



அலுவலகங்களிற் பயன்படும் கணினி மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வெளிவர இருக்கின்றதென்றால், அதற்குச் சில வாரங்கள் முன்னரே ஓர் அறிவிப்பு வந்துவிடும். புதிய வசதிகள் யாவும் அதிலே நிரல்படக் கூறப்பட்டிருக்கும். நாம் கேளாமலே எழுத்துப்பிழை திருத்துமாம். நாம் கேளாமலே வரிகளுக்கு எண்ணிடுமாம். நாம் தொடங்கிய சொல்லைத் தானே முடித்துவைக்குமாம். இத்தகைய அறிவிப்பை எவ்வாறு படிக்கவேண்டும் என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள். பொதுப்படப் பேசுவதிலும், ஒரேயொரு வசதியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னால் விடயம் நன்கு விளங்கும். அவ்வசதி மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்செல் என்னும் விரிதாள் மென்பொருளில் உள்ளது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அம்மென்பொருளுக்குப் புதிய வசதி என்ற பெயரிற் சேர்க்கப்பட்டது யாதெனின், அதன் பழைய வசதியொன்றை நிறுத்திவைப்பதற்கான வழியேயாகும்.

விரிதாள் என்பது குறுக்கே நிரைகளும் நெடுக்கே நிரல்களுமாகக் கோடிட்ட கணக்குப் பேரேட்டின் கணினி வடிவம். நிரையும் நிரலும் சந்திக்கும் கட்டத்தைக் கலம் என்பர். ஒரு கலத்திலுள்ள எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவும் தாமே மாறும். 1979இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் விசிகல்க் என்ற பெயரில் இத்தகைய மென்பொருளை அப்பிள் கணினிக்கெனச் செய்தனர். 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. எக்செல் 1985இல் மக்கின்ரோஷ் கணினிக்கும் 1987இல் விண்டோசுக்கும் வந்து, காலப்போக்கில் ஏனையவற்றைப் பின்தள்ளிவிட்டது.

கலத்தில் நாம் எதையேனும் தட்டச்சுச் செய்தவுடன், அது எண்ணா, சொல்லா, திகதியா என்பதை மென்பொருள் தானே தீர்மானிக்கின்றது. கணக்காளருக்கு இது பெரிய உபகாரம். அவர் திகதியைச் சுருக்கமாக இட்டால், மென்பொருள் அதனைத் திகதியென்று அறிந்து, நாட்களைக் கூட்டவும் கழிக்கவும் இடந்தருகின்றது. ஆயின் எழுதுபவர் கணக்காளராகவே இருப்பார் என்பது என்ன நிச்சயம்? எமது ஊர்களில் வீட்டிலக்கங்கள் 12/3 என்றவாறு சாய்கோட்டுடன் வருவதுண்டு. சங்கமொன்றின் செயலாளர் அங்கத்தவரின் விலாசங்களைப் பதியும்பொழுது 12/3 என்று இட்டால், கணினியின் நாட்டமைப்பு எவ்வாறிருக்கின்றதோ அதற்கேற்ப அது மார்ச் 12 என்றோ டிசெம்பர் 3 என்றோ மாறிவிடும். 077 எனத் தொடங்கும் தொலைபேசி எண் தன் முதற் பூச்சியத்தை இழந்து 77 என நிற்கும். பதினாறு இலக்கங்கொண்ட வங்கி அட்டை எண்ணில் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். ஏனெனில் எக்செல் ஓர் எண்ணிற் பதினைந்து இலக்கங்களுக்கு மேற் காப்பதில்லை. 2016ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்க எண்ணோ, புள்ளியும் பத்தின் வலுவுமாகச் சுருங்கித் தோன்றும். இங்கு கெடுவது தோற்றம் மாத்திரமே. எண் உள்ளே பத்திரமாக உண்டு. ஆயினும் அத்தாளைக் காற்புள்ளியிட்ட எழுத்துக் கோப்பாக மாற்றிச் சேமித்தால், அந்தத் தோற்றமே பதிவாகிவிடும்.

திகதியாக மாறியதைப் பின்னர் சொல்லாக்க முயன்றாலும் பழையது மீளாது. எக்செல் திகதியை 1900ஆம் ஆண்டு சனவரி 1இலிருந்து எண்ணிய நாட்களின் தொகையாகவே உள்ளே வைத்திருக்கின்றது. 2025 செப்டெம்பர் 2 என்பது அதற்கு 45902 என்னும் எண். அக்கலத்தைச் சொல் வகைக்கு மாற்றினால் 45902 என்றுதான் வெளிப்படும். முன்பு அங்கே என்ன இருந்தது என்பதை அறிய வழியில்லை.

இதன் பாரதூரமான விளைவு உயிரியல் ஆய்விலே வெளிப்பட்டது. பரம்பரையலகுகளுக்கு, அதாவது மரபணுக்களுக்கு, விஞ்ஞானிகள் சுருக்கப் பெயர்கள் இட்டுள்ளனர். செப்டின் என்னும் புரதக் குடும்பத்தின் பரம்பரையலகுகளை செப்ட் 1, செப்ட் 2 என வரிசைப்படுத்தினர். இன்னொரு குடும்பத்துக்கு அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து மார்ச் என்ற பெயர் வாய்த்தது. இப்பெயர்கள் ஆயிரக்கணக்கான வேறு பெயர்களோடு விரிதாளுக்குள் இடப்பட்டபோது, செப்ட் 2 செப்டெம்பர் 2ஆம் திகதியாயிற்று. மார்ச் 1 மார்ச் முதலாந் திகதியாயிற்று. இலக்கங்களுக்கு நடுவே ரோம எழுத்தாகிய 'ஈ' அமைந்த அடையாளக் குறிகளுக்கும் இக்கதியே நேர்ந்தது. அவ்வெழுத்தைப் பத்தின் வலுவைக் குறிப்பதாக எண்ணி, மென்பொருள் அவற்றை மாபெரும் எண்களாக்கிவிட்டது. இருபதினாயிரம் நிரைகளில் இருபது நிரைகள் இவ்வாறு மாறினால் எவர் கண்ணிற் படும்? மணியடிக்கவில்லை, எச்சரிக்கை வரவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதனை 2004ஆம் ஆண்டிலேயே எழுதி எச்சரித்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 2016இல், மெல்பேண் நகர ஆய்வாளர் மூவர், எக்செல் கோப்புகளிற் பரம்பரையலகுப் பட்டியல்களை இணைத்து வெளிவந்த 3,597 ஆய்வுக் கட்டுரைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்தது. 2021இல் வெளிவந்த தொடராய்வு இன்னும் பெரிய தொகுதியை எடுத்துக்கொண்டது. பிழையுள்ளவை பத்தில் மூன்றாக உயர்ந்திருந்தன. கற்றோர் கூட்டத்திலேயே நிலைமை இதுவெனின், பாடசாலைப் பதிவேடுகளையும் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளையும் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஈற்றில் விட்டுக்கொடுத்தது யார்? மென்பொருளன்று, விஞ்ஞானமே. மனிதப் பரம்பரையலகுகளுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, 2020ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திற் புதிய விதிகளை வெளியிட்டு, தரவுகளைக் கையாளுதற்கு இடையூறான பெயர்களை மாற்றிக்கொண்டது. செப்ட் 1 என்பது செப்டின் 1 ஆயிற்று. மார்ச் 1 என்பது மார்ச்எவ் 1 ஆயிற்று. இவ்வாறு மாறியவை இருபத்தேழு எனச் செய்திகள் கூறின. ஒரு வணிக நிறுவனத்தின் மென்பொருளுக்காக உடலின் உறுப்பணுக்களிலுள்ள பொருள்களுக்குப் பெயர் மாற்றியமை எனக்கு ஓரளவு வேடிக்கையாகவும் ஓரளவு வேதனையாகவும் படுகின்றது.

அப்படியாயின், அந்தப் பழைய வசதியை நிறுவனம் முன்னரே நீக்கியிருக்கலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். அது இலகுவன்று. 1900ஆம் ஆண்டு நெட்டாண்டு, அதாவது லீப் வருடம், அன்று. ஆயினும் லோட்டஸ் அதனை நெட்டாண்டாகக் கொண்டது. லோட்டஸ் கோப்புகள் தன்னிடம் வந்தாற் கணக்குப் பிசகலாகாது என்பதற்காக, எக்செல் அப்பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. ஆகவே 1900 பெப்ரவரி 29 என்னும் இல்லாத நாளுக்கு அதன் கணக்கில் 60 என்ற எண் இன்றும் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. இன்று அதைத் திருத்தினால், கோடிக்கணக்கான கோப்புகளின் திகதிகள் ஒரு நாள் தள்ளிப்போகும். ஒரு வசதி வெளியான மறுநாளே அதன்மேல் மற்றவர்கள் கட்டடம் எழுப்பத் தொடங்கிவிடுகின்றனர். பின்னர் அத்திவாரக் கல்லை உருவ முடிவதில்லை.

ஆகவே 2023இல் வந்தது நீக்கமன்று. விரும்புவோர்க்கு ஒரு தெரிவு. தெரிவுப் பட்டியலில் தரவு என்னும் பகுதிக்குட் சென்றால், முதற் பூச்சியத்தை நீக்குவதையும், நீண்ட எண்ணைப் பதினைந்து இலக்கங்களோடு நிறுத்துவதையும், 'ஈ' எழுத்தை வலுவாகக் கொள்வதையும், எழுத்தும் இலக்கமும் இடைவெளியின்றித் தொடர்வதைத் திகதியாக்குவதையும் தனித்தனியே நிறுத்தலாம். ஆனாற் கடைசியிற் கூறியதை நன்கு கவனிக்கவேண்டும். இடைவெளியோ வேறு குறியோ இடையில் வந்தால் அது பழையபடி திகதியாகலாம். எனவே எமது 12/3 என்னும் வீட்டிலக்கத்துக்கு இந்தப் புதிய வசதி காவலாகாது. அதற்குப் பழைய உபாயங்களே உதவும்: பதியத் தொடங்குமுன் அந்த நிரல் முழுவதையும் சொல் வகையென அமைத்துக்கொள்ளலாம், அல்லது இலக்கத்தின் முன் ஒற்றை மேற்கோட்குறி இடலாம். முன்னரே மாறிவிட்ட கோப்புகளையும் இது திருத்தித் தராது.

புதிய பதிப்பு வந்துவிட்டதனாற் பழையது ஒழிந்துவிட்டது என்றும் கொள்ளலாகாது. ஒரு தாளில் 65,536 நிரைகளே கொள்ளும் என்றிருந்த வரம்பை எக்செல் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் 1,048,576 ஆக உயர்த்தியது. ஆயினும் 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் கொரோனா நோயாளரின் விபரங்களைப் பழைய கோப்பு வகையிலேயே சேர்த்தது. வரம்புக்கு மேற்பட்டவை ஓசையின்றி உதிர்ந்தன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையிலான 15,841 நோயாளர் அன்றாடக் கணக்கிற் சேரவில்லை; அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று.

இனி வரும் பதிப்புகளின் அறிவிப்புகளிலே செயற்கை நுண்ணறிவே முதலிடம் பெறுகின்றது. 2025 ஆகத்து மாதத்தில் எக்செல்லின் சோதனைப் பதிப்பிற் சேர்க்கப்பட்ட ஒரு சார்பு, கலத்திலே நாம் வாக்கியமாக எழுதிக் கேட்பதற்குத் தானே விடை நிரப்பும். துல்லியம் வேண்டிய வேலைகளுக்கு அதனை நம்பாது வழக்கமான சூத்திரங்களையே பயன்படுத்துமாறு அதனைச் செய்தவர்களே குறிப்பெழுதியிருந்தனர். விளம்பரத்தைப் படிப்போர் பலர். அந்தக் குறிப்பைப் படிப்போர் சிலர். ஓர் அலுவலகத்தில் மென்பொருளுக்குப் பொறுப்பானவர், ஒவ்வொரு புதிய வசதியைப் பற்றியும் அது நாம் இட்டதை மாற்றுமா, மாற்றினால் நமக்குத் தெரிவிக்குமா, வேண்டாமென்று நிறுத்த இடமுண்டா என்று விசாரித்துக்கொள்வது நன்று. பெயர்ப்பட்டியல் ஒன்றின் பிரதியை எடுத்து, அதிலே தொலைபேசி எண்ணையும் வீட்டிலக்கத்தையும் இட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

பரம்பரையலகுகளின் புதுப்பெயர்கள் நிலைத்துவிட்டன. 2023இல் மென்பொருள் வழிவிட்ட பின்னரும் அவை பழைய பெயர்களுக்குத் திரும்பவில்லை. 2020க்கு முற்பட்ட கட்டுரைகளில் செப்ட் என்றும், பிற்பட்டவற்றில் செப்டின் என்றும் இருத்தலால், இத்துறையில் நூல் தேடும் மாணவர் இரு பெயர்களாலும் தேடவேண்டியிருக்கின்றது. திகதியாகிவிட்ட பழைய பட்டியல்களில் எந்தப் பெயராலும் அவை அகப்படா.