பெண் வண்டுக்குள் இருக்கும் கொம்பு

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களைச் சேர்ந்தது ஆன்தோஃபேகஸ் டாரஸ் என்னும் சாண வண்டு. நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். நன்றாக வளர்ந்த ஆணின் தலையில் இரண்டு கொம்புகள் முளைத்து, பின்பக்கமாக வளைந்து போகும். பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. சாணத்துக்கு அடியில் பெண் வளை தோண்ட, ஆண் அதற்குள் காவல் நின்று, நுழைய வரும் மற்ற ஆண்களைக் கொம்பால் முட்டித் தள்ளும்.

அப்படியானால் கொம்புக்கான மரபணு ஆணிடம் மட்டும் இருக்கிறது போலும் என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை. கொம்பை வளர்க்கும் மரபணுக்கள் இரு பாலுக்கும் பொது. அவற்றில் சில, பூச்சியின் கால்களை உருவாக்கும் அதே மரபணுக்கள். பெண்ணின் உடலில் அந்த வேலைக்கு அனுமதி கிடைப்பதில்லை, அவ்வளவே.

அனுமதி தரும் இடத்தில் ‘டபுள்செக்ஸ்’ என்ற மரபணு உட்கார்ந்திருக்கிறது. மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. அப்படியே பயன்படுவதில்லை, சில துண்டுகளை நீக்கி, மீதியை ஒட்டிய பிறகே அதிலிருந்து புரதம் உருவாகும். ஒரே படச்சுருளை இரண்டு எடிட்டர்கள் இரண்டு விதமாக வெட்டி ஒட்டுவதுபோல, ஆணிலும் பெண்ணிலும் டபுள்செக்ஸின் ஆர்.என்.ஏ. வேறு வேறாக வெட்டப்படுகிறது. பெண்ணில் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற இன்னொரு மரபணுவின் புரதம் குறுக்கிட்டுப் பெண் வடிவத்தை உண்டாக்கும். அது இல்லாவிட்டால் ஆண் வடிவமே வரும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. புழுப் பருவத்தில் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஊசியால் செலுத்தினால், குறிப்பிட்ட மரபணுவின் செய்தி மட்டும் அழிந்துபோகும். மரபணு அப்படியே இருக்கும். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆர்மின் மோசெக்கின் குழு டபுள்செக்ஸை இப்படி அடக்கிப் பார்த்து, முடிவுகளை 2012இல் வெளியிட்டது. பெரிய ஆண்களின் கொம்பு சுருங்கியது. பெண்களுக்கோ கொம்பு முளைத்தது! ஆண் வடிவம் கொம்பை வளர்க்கிறது, பெண் வடிவம் அடக்குகிறது என்பது அதில் தெளிவானது. ஜப்பானியக் காண்டாமிருக வண்டில் டிரான்ஸ்ஃபார்மரை அடக்கியபோதும் பெண்ணின் தலையில் கொம்பு தோன்றியது.

எனக்கு இதைவிட வியப்பூட்டுவது ஆன்தோஃபேகஸ் சாஜிடேரியஸ். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்த நெருங்கிய உறவு வண்டில் பெண்ணுக்குத்தான் பெரிய கொம்பு. அங்கே டபுள்செக்ஸின் வேலை தலைகீழாகியிருக்கிறது: பெண் வடிவம் வளர்க்கிறது, ஆண் வடிவம் அடக்குகிறது. மரபணு அதேதான், அது கொடுக்கும் உத்தரவு மாறிவிட்டது.

ஆனால் ஆணாகப் பிறந்தாலே கொம்பு உறுதி என்றும் சொல்ல முடியாது. டாரஸ் வண்டு சாண உருண்டை ஒன்றுக்கு ஒரு முட்டை இடும். பெற்றோர் சேர்த்து வைத்த அந்த உருண்டைதான் புழுவுக்கு முழுச் சாப்பாடு. அது குறைந்து, உடல் ஓர் எல்லைக்குக் கீழே நின்றுவிட்டால், ஆணுக்கும் கொம்பு பெயரளவுக்குத்தான். அப்படிப்பட்ட பொடியன் வாசலில் சண்டைக்குப் போவதில்லை. பக்கத்தில் வேறு வளை தோண்டி, காவல்காரனுக்குத் தெரியாமல் பெண்ணை அடைகிறான். இந்தச் சின்ன ஆண்களின் தலையில் டபுள்செக்ஸின் செயல்பாடு குறைவு. அவற்றைக் கொம்பில்லாமல் வைத்திருப்பதில் ‘ஹெட்ஜ்ஹாக்’ என்ற செய்திப் பாதைக்கும் பங்குண்டு. 2016இல் அதை அடக்கியதும், அரைவயிற்றுக்கு உண்டு வளர்ந்த ஆண்களுக்கும் கொம்பு வந்தது.

உணவு கொம்பின் அளவாக மாறும் வழிகளில் ஒன்று இன்சுலின். டக்ளஸ் எம்லெனும் சக ஆய்வாளர்களும் காண்டாமிருக வண்டில் இன்சுலின் ஏற்பியை அடக்கிப் பார்த்தார்கள் (2012). சிறகு சற்றே சிறுத்தது. கொம்பு அதைவிட மிக அதிகமாகச் சிறுத்தது. இனப்பெருக்க உறுப்போ ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. பட்டினியைக் கொம்புதான் முதலில் உணர்கிறது. அதனால்தான் கொம்பின் நீளத்தைக் கொண்டே எதிராளியின் உடல்நிலையை இன்னொரு ஆண் எடைபோட முடிகிறது. நோஞ்சான் வண்டு நீளக் கொம்பை வளர்த்து ஏமாற்றுவது கடினம்.