விமான டிக்கெட்டில் பிறந்த இனிப்பு மருந்து!

காச நோய் பெரியவர்களை மட்டும் பிடிப்பது இல்லை. குழந்தைகளையும் பிடிக்கிறது.

முன்பெல்லாம், குழந்தைகளுக்குச் சரியான அளவில் தனி மாத்திரை கிடையாது. பெரியவர்களின் மாத்திரையை உடைத்து, பொடி செய்து கொடுத்தார்கள். ஒரே கசப்பு! குழந்தை துப்பிவிடும். எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று தாய்க்கும் தெரியாது; டாக்டருக்கும் தெரியாது.

மருந்து குறைந்தால் கிருமி சாகாது. மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறிவிடவும் கூடும்.

லாபம் இல்லை

காச நோய் ஏழைகளைத்தான் அதிகம் வாட்டுகிறது. ஏழைக் குழந்தைக்கு மருந்து செய்தால் லாபம் ஏது? கம்பெனிகள் தயங்கின.

ஒரு யூரோ

2006-ம் ஆண்டில் பிரான்சு, பிரேசில், சிலி, நார்வே, பிரிட்டன் ஆகிய 5 நாடுகள் கைகோத்தன. காச நோய், மலேரியா, எய்ட்ஸ் ஆகியவற்றை ஒழிக்க "யுனிடெய்டு" என்ற அமைப்பைத் தொடங்கின.

அதே ஆண்டில் பிரான்சு, விமான டிக்கெட்டுக்குச் சிறு வரி போட்டது. ஐரோப்பாவுக்குள் சாதாரண வகுப்பில் போகிறவருக்கு 1 யூரோ. தூர தேசத்துக்கு உயர்ந்த வகுப்பில் பறப்பவருக்கு 40 யூரோ. அந்தப் பணத்தில் பெரும் பங்கு யுனிடெய்டுக்குப் போயிற்று.

பழச் சுவை

யுனிடெய்டு கொடுத்த நிதியால் புது மாத்திரை பிறந்தது. 2015 டிசம்பரில் அது வெளிவந்தது. தண்ணீரில் போட்டால் கரையும், பழம்போல் இனிக்கும். 2016-ல் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா, நாடு முழுவதும் இதை முதன்முதலாக வழங்கியது.

டிக்கெட் வாங்கியவர் யாரோ! மருந்து குடித்த குழந்தை யாரோ!

ஆனால் ஒன்று. காச நோய்க்குப் பல மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இடையில் நிதி நின்றால் மருந்து நிற்கும். மருந்து நின்றால், நோய் மறுபடியும் தலைதூக்கும்.