பெயர் தெரியாத நாளில் பதிந்த நாடா

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். பூட்லெக் என்றால் திருட்டு கேசட் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. கடையில் விற்கும் ஆல்பத்தை அப்படியே பிரதியெடுத்து விற்றால் அது திருட்டு நகல். கம்பெனி வெளியிடாத கச்சேரியை யாரோ டேப் ரெக்கார்டரில் பதிந்து, அது கைமாறி வந்தால் அது பூட்லெக்.

லெட் செப்பலின் என்ற ராக் குழுவையே பாருங்கள். 1968 டிசம்பர் 30, அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரம், கொன்சாகா பல்கலைக்கழக அரங்கம். வனில்லா ஃபட்ஜ் குழுவுக்கு முன்னால் வாசிக்க வந்தவர்கள் இவர்கள். முதல் ஆல்பம் வெளிவர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பத்திரிகை விளம்பரத்தில் 'லென் செஃப்லின்' என்று பெயரையே தப்பாக அச்சடித்திருந்தார்கள். அன்று பதிவான நாடாதான் இந்தக் குழுவின் மேடைப் பதிவுகளில் கிடைப்பவற்றுள் மிகப் பழையது.

ஒலி சுமார்தான். இப்படிப்பட்ட நாடாவை ஒருவர் மாற்றி ஒருவர் பிரதியெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும். ரெக்கார்டரின் வேகம் பிசகினால் சுருதியே மாறிவிடும். ஆனாலும் அதில் இருப்பதைக் கேளுங்கள். தங்களை அறியாத கூட்டத்தின் முன் ஜிம்மி பேஜ் வயலின் வில்லால் கிதாரை இழுக்கிறார். பின்னாளில் 'மோபி டிக்' ஆன, டிரம்மர் ஜான் பான்ஹாமின் தனி ஆவர்த்தனம் அன்று 'பாட்ஸ் டிலைட்'. பாட் அவர் மனைவி பெயர். புகழ் வருவதற்கு முன்பே அந்தக் கைகளில் இவ்வளவு வலு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இவர்களின் பூட்லெக் இசைத்தட்டாக வந்தது பிறகு. 1970 செப்டம்பர் 4 லாஸ் ஏஞ்சலிஸ் கச்சேரி 'லைவ் ஆன் புளூபெரி ஹில்' என்று விற்றது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்குப் பதிப்புரிமை தந்ததே 1972 பிப்ரவரியில்தான்; சட்டத்தில் இருந்த ஓட்டை பூட்லெக் விற்றவர்களுக்கு வசதியாக இருந்தது. வாசித்தவர்களுக்குக் காசு போகவில்லை, அது அநியாயம்தான். மேலாளர் பீட்டர் கிராண்டின் கோபம் பிரசித்தம். 1971இல் வான்கூவரில் இரைச்சலை அளக்க வந்தவரின் கருவியைக்கூட பூட்லெக் கருவி என்று எண்ணி உடைத்தார்கள்.

ஆனால் குழு இயங்கிய காலத்தில் அதிகாரபூர்வ மேடை ஆல்பம் ஒன்றே ஒன்று, 1976இல். அதற்குள் அவர்கள் வாசிப்பு எவ்வளவோ மாறிவிட்டது. முதல் ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, உடனே ஸ்போக்கேன் பதிவைப் போடுங்கள். இரைச்சலுக்குக் காது பழகப் பத்து நிமிடம் கொடுங்கள்.