டிசம்பர் 3 ஓட்டத்துக்குப் பிறகு என்ன? அறிவுசார் குறைபாடுள்ள வீரர்களும் அவர்களின் குடும்பங்களும்

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். அதையொட்டி தமிழகத்தின் மற்ற மாவட்டங்களைப் போலவே பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட விளையாட்டுப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓட்டம், சாஃப்ட்பால் எறிதல், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல் மாதிரியான போட்டிகள் இருக்கும். ஓடி முடித்த பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், ஒரு பரிசு, ஒரு போட்டோ. மறுநாள் பேப்பரில் நாலு வரி.

அதுக்கப்புறம்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் பல குடும்பங்களின் விளையாட்டுக் கதை அந்த ஒரு நாளோடு முடிந்துபோகிறது. உண்மையில் அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று எல்லோருக்கும் திறந்திருப்பது. இன்னொன்று ரொம்பக் குறுகலானது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாதை என்று பெற்றோருக்குத் தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸும் பாராலிம்பிக்ஸும் ஒன்றா?

இல்லை. நம்மூரில் இந்தக் குழப்பம் அதிகம். மாரியப்பன் தங்கவேலு, துளசிமதி முருகேசன் எல்லாம் பதக்கம் வென்றது பாராலிம்பிக்ஸில். மதுரை ஜெர்லின் அனிகா மூன்று தங்கம் வாங்கியது செவித்திறன் குறைந்தவர்களுக்கான டெஃப்லிம்பிக்ஸில். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே நடப்பது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். அது தொடங்கியதே ஒரு குடும்பத்தின் வலியிலிருந்துதான்.

அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்குச் சிறு வயதிலிருந்தே அறிவுசார் குறைபாடு. 1941-ல், அவருடைய 23-வது வயதில், அப்பாவின் முடிவால் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இருந்த பேச்சும் நடையும்கூடப் பெருமளவு போய்விட்டன. அதன்பின் பல ஆண்டுகள் அவரை வெளியுலகம் பார்க்காமலே வைத்திருந்தார்கள். அவ்வளவு பணம், அவ்வளவு செல்வாக்கு இருந்த வீட்டிலேயே இந்த நிலை. அவருடைய தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-ல் தன் வீட்டுப் புல்வெளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு கோடை முகாம் நடத்தினார். 1968 ஜூலையில் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது.

இதில் போட்டியிடும் விதமே வேறு. எட்டு வயது ஆகியிருந்தால் கலந்துகொள்ளலாம். முதலில் எல்லோரையும் ஒருமுறை ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு வயது, பாலினம், திறன் ஆகியவற்றைப் பார்த்து, ஏறக்குறைய ஒரே வேகம் உள்ளவர்களை ஒரு பிரிவாகச் சேர்ப்பார்கள். ஒரு பிரிவில் அதிகபட்சம் எட்டுப் பேர். ஆகவே 100 மீட்டரை 14 விநாடியில் ஓடும் பையனும், 40 விநாடி எடுத்துக்கொள்ளும் பையனும் அவரவர் பிரிவில் தங்கம் வாங்கலாம். "இதெல்லாம் ஒரு போட்டியா?" என்று கேட்பவர்கள் உண்டு. தன் அளவுக்கு ஓடக்கூடியவனோடு ஓடி ஜெயிப்பதுதானே போட்டி? குத்துச்சண்டையில் எடை பார்த்துப் பிரிக்கும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லை.

அடுத்த கட்டத்துக்கு யார் போவது என்பதிலும் ஒரு விசேஷம். இருக்கும் இடங்களைவிட முதலிடம் பிடித்தவர்கள் அதிகமாக இருந்தால், யார் வேகம் என்று பார்க்காமல் குலுக்கல் போடுவார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர்களுக்குக் குடவோலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை!

இந்தியாவில் இதை நடத்துவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பு. 2023 ஜூனில் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் இந்தியா 76 தங்கம் உட்பட 202 பதக்கங்கள் வென்றது. 2025 மார்ச்சில் இத்தாலியின் டூரினில் நடந்த குளிர்காலப் போட்டியில் 33 பதக்கங்கள் கிடைத்தன. தங்கம் வென்றவர்களுக்கு 20 லட்சம், வெள்ளிக்கு 14 லட்சம், வெண்கலத்துக்கு 8 லட்சம் ரூபாய் என மத்திய அரசு ஊக்கத்தொகை அறிவித்தது. அடுத்த கோடைக்காலப் போட்டி 2027-ல் சிலி நாட்டின் சாண்டியாகோவில்.

கல்லெடா கிராமத்துப் பெண்

குறுகலான பாதை பாராலிம்பிக்ஸ். அங்கே குலுக்கல் கிடையாது, திறன்வாரிப் பிரிவும் கிடையாது. தடகளத்தில் டி20 என்ற ஒரே பிரிவு, அதில் உலகத்திலேயே வேகமானவர்கள்.

தீப்தி ஜீவாஞ்சியின் கதை நம் மாவட்டக் குடும்பங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தில் உள்ள கல்லெடா அவருடைய ஊர். அப்பா யாதகிரி, அம்மா தனலட்சுமி இருவரும் கூலி வேலை செய்தவர்கள். சூரிய கிரகணத்தன்று பிறந்த பிள்ளை, பிறக்கும்போதே உதடும் மூக்கும் சற்று வேறு மாதிரி. ஊரில் பைத்தியம், குரங்கு என்றெல்லாம் கூப்பிட்டார்கள். அநாதை இல்லத்தில் விட்டுவிடும்படி பெற்றோருக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. அவர்கள் விடவில்லை. கஷ்டத்தில் இருந்த நிலத்தையும் விற்றுவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஓடிய தீப்தியைப் பார்த்த பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ், ஹைதராபாத்துக்கு அனுப்பச் சொன்னார். பஸ் டிக்கெட்டுக்கே அவர்களிடம் பணம் இல்லை என்று அவர் பிறகு சொன்னார். பேட்மிண்டன் பயிற்சியாளர் கோபிசந்தின் யோசனைப்படி, செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தில் தீப்திக்குப் பரிசோதனை நடந்தது. பாரா பிரிவுக்கான கதவு அதற்குப் பிறகுதான் திறந்தது.

2023-ல் ஹாங்சோ ஆசிய பாரா போட்டியில் 400 மீட்டரில் தங்கம். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 55.07 விநாடி, அப்போதைய உலக சாதனை. அதே ஆண்டு செப்டம்பர் 3-ம் தேதி பாரிஸ் பாராலிம்பிக்ஸில் 55.82 விநாடியில் வெண்கலம். அறிவுசார் குறைபாடு உள்ள இந்தியர் ஒருவர் வென்ற முதல் பாராலிம்பிக்ஸ் பதக்கம் அது. தெலங்கானா அரசு ஒரு கோடி ரூபாயும் அரசு வேலையும் அறிவித்தது. விற்ற நிலத்தைத் தீப்தி பரிசுப் பணத்தில் மீட்டுக்கொடுத்தார்.

என் கணக்கில் இந்தக் கதையின் திருப்புமுனை ஓட்டமல்ல, அந்தப் பரிசோதனை அறிக்கைதான். அந்தக் காகிதம் இல்லாமலிருந்தால் வேகமாக ஓடும் ஒரு கிராமத்துப் பெண்ணாகவே தீப்தி மறக்கப்பட்டிருப்பார்.

ஏன் இவ்வளவு காகிதம் கேட்கிறார்கள்?

ஸ்பெயின்காரர்கள் செய்த காரியம். 2000-ல் சிட்னி பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அணியில் இருந்த 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. அணியில் ஆடிய கார்லோஸ் ரிபகோர்டா என்ற பத்திரிகையாளரே விஷயத்தை உடைத்தார். ஏமாற்றியது யாரோ, தண்டனை எல்லோருக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு பாராலிம்பிக்ஸ் கதவு மூடப்பட்டு, 2012 லண்டனில்தான் மறுபடி திறந்தது. அதுவும் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் மட்டும்.

அதனால் இப்போது மூன்று விஷயங்களுக்கு ஆதாரம் வேண்டும். ஐ.க்யூ. 75 அல்லது அதற்குக் கீழே. அன்றாட வேலைகளைச் செய்துகொள்வதில் குறை. இவை வளரும் பருவத்திலேயே தொடங்கியவை. மூன்றாவதில்தான் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும். பிள்ளை எந்த வயதில் நடந்தது, பள்ளியில் என்ன எழுதினார்கள், எந்த டாக்டர் என்ன சொன்னார் என்ற பழைய தாள்கள் வீட்டில் இருக்காது. பழைய பேப்பரோடு போட்டிருப்பார்கள். பிள்ளை நாலு வயசாக இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

இங்கிருந்து எப்படித் தொடங்குவது?

ஹாக்கி வீரர் கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். ஆக, இந்த மண்ணிலிருந்து இந்திய அணிக்குப் போவது நடக்காத காரியமல்ல. ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றிவிட முடியாது. கூட ஒருவர் போக வேண்டும், பெரும்பாலும் அம்மாதான். பருத்தி எடுப்பு, சின்ன வெங்காய அறுவடை நேரமென்றால் அன்றைய கூலி போச்சு. அரியலூருக்காவது ரயில் உண்டு; பெரம்பலூரில் ரயிலே கிடையாது. கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் தாங்காத பிள்ளையோடு சென்னைத் தேர்வுக்குப் போய்வருவது தனிப் போராட்டம். போட்டி நடத்துபவர்கள் துணைக்கு வருபவரின் செலவையும் கணக்கில் எடுக்காதவரை, திறமை இருந்தும் பலர் வீட்டிலேயேதான் இருப்பார்கள்.

முதல் படி, மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூடிஐடி அட்டையும். இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு இருந்தால், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளையென்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். பிள்ளையின் உடல் எந்த அசைவுக்கு ஒத்துழைக்கும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு, விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வதை அரசின் கடமையாகவே சொல்கிறது. ஆகவே மைதானத்தில் போய்க் கேட்பது உரிமை, சலுகை அல்ல.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்கும். நீச்சலில் தலைகீழாகக் குதிப்பது, உயரம் தாண்டுவது, குட்டிக்கரணம் போடுவது எல்லாம் ஆபத்தாகலாம். டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் கழுத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் போட்டி நாளில் பதற்றத்தில் மாத்திரையை மறந்துவிடக் கூடாது.

18 வயது முடிந்ததும் இன்னொரு சிக்கல் வரும். சட்டப்படி அப்பா, அம்மா தானாகவே காப்பாளராகத் தொடர முடியாது. பிள்ளையின் சார்பில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் கேள்வி வரும். 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ காப்பாளர் சான்றிதழ் வாங்கலாம். "எங்களுக்கப்புறம் இவனை யார் பாத்துப்பா?" என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் கிடக்கும் பெற்றோர், அண்ணனையோ சித்தியையோ காப்பாளராக்குவது பற்றியும் அதே குழுவிடம் கேட்கலாம். வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வான பிறகு இதற்கு ஓடினால் நேரம் போதாது. பதினெட்டு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.