கல்லை எடுத்த பிறகு

முதுகில் சிறு துளையிட்டு, அதன் வழியே சிறுநீரகக் கல்லை உடைத்து எடுக்கும் முறை 1976-இல் ஸ்வீடன் மருத்துவர்களால் அறிமுகமானது. விலாவை நீளமாகக் கிழித்த காலம் போய், இன்று தழும்பு விரல் நகம் அளவுதான். அதனாலேயே "சின்ன ஆபரேஷன்தானே" என்று வீட்டில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். மருந்துச் சீட்டில் எழுதப்படாத சில பராமரிப்புகள் அந்த நாட்களில்தான் மிக அவசியம்.

மூச்சும் நடையும்

துளை பெரும்பாலும் கடைசி விலா எலும்பை ஒட்டிப் போடப்படும். மூச்சை இழுத்தால் வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தங்கும். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் மூக்கால் மெல்ல இழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்தி, உதட்டைக் குவித்து விடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை பத்துத் தடவை போதும். இருமல் வந்தால் காயத்தின் மேல் சிறு தலையணையை அணைத்துக்கொண்டு இருமலாம்.

படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது காலில் ரத்தம் உறையாமல் காக்கும். மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடக்க வேண்டும். சிறுநீர்க் குழாயில் இணைத்த பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் போன்றவற்றைச் சில வாரங்களுக்குத் தூக்கவே கூடாது.

ஸ்டென்ட் இருக்கும் நாட்கள்

பலருக்கு உள்ளே டிஜே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாய் வைத்திருப்பார்கள். சிறுநீர் கழிக்கும்போது விலாப்பக்கம் சுளீரென்று வலிப்பதும், அடிக்கடி முட்டுவதும், அதிகம் நடந்த நாளில் சிறுநீர் லேசாகச் சிவப்பதும் இதனால்தான். அடக்காமல், முக்காமல் நிதானமாகக் கழித்தால் வலி குறையும். காயத்தைத் தவிர்த்து வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்கலாம்.

நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: ஸ்டென்டை எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வலி நின்றதும் மறந்துபோகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் குழாயின் மேலேயே கல் படிந்து, இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

குளிருடன் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கட்டியாக ரத்தம், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தண்ணீரும் தட்டும்

ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் இரண்டரை லிட்டரைத் தொட வேண்டும். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வேலையிடத்தில் சுத்தமான கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் "நிறையக் குடியுங்கள்" என்று சொல்லி முடித்துக்கொள்வது நியாயமாகாது. கழிப்பறை வசதி செய்து தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு.

கால்சியம் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்துவது தவறு. சாப்பாட்டில் உள்ள கால்சியம், கல்லாகக்கூடிய ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துவைக்கிறது. குறைக்க வேண்டியது உப்பை. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதில் சேரும். எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கும் யூரிக் அமிலக் கல்லுக்கும் சாப்பாட்டில் மாற்ற வேண்டியவை வேறு வேறு.