எழுபது ரூபாய்ச் சாப்பாடு: மீதியை யார் கொடுக்கிறார்கள்?

எழுபது ரூபாய்க்கு முழுச் சாப்பாடு போடும் மெஸ்ஸில், ஒரு இலைக்கு உரிமையாளர் கையில் நிற்பது ஏழு ரூபாய்க்கும் குறைவு. அரிசி, பருப்பு, கேஸ், கூலி, வாடகை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட இந்த எண்தான் வருகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் தங்கி, சுற்றுவட்டார மெஸ்களில் சாப்பிட்டு ஆளானவன் நான். அந்தச் சோற்றின் மேல் எனக்கு நிறைய நன்றி உண்டு. அங்கே கண்ட சில காட்சிகளின் மேல் தீராத வருத்தமும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது ஒன்றுதான்: மலிவான சாப்பாட்டில் நாம் கொடுக்காமல் விட்ட பணத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள். அது யார், எவ்வளவு என்பதே இந்தக் கணக்கு.

நூறு இலைக்கு என்ன செலவு?

மதியம் நூறு பேர் சாப்பிடும் ஒரு சின்ன மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், ஊறுகாய். கீழே உள்ளது மாதிரிக் கணக்கு. விலைகள் நகரத்தில் மொத்தமாக வாங்கும் விலையை ஒட்டி வைத்தவை.

அரிசி 18 கிலோ, கிலோ 52 ரூபாய்: 936
துவரம்பருப்பு 3 கிலோ, கிலோ 130 ரூபாய்: 390
காய்கறி 15 கிலோ, சராசரி 40 ரூபாய்: 600
எண்ணெய் 2 லிட்டர், லிட்டர் 150 ரூபாய்: 300
தேங்காய், புளி, மிளகாய், மசாலா, உப்பு: 400
மோருக்குப் பால் 5 லிட்டர், லிட்டர் 50 ரூபாய்: 250
அப்பளம், ஊறுகாய்: 250
வாழை இலை 100, ஒன்று 3 ரூபாய்: 300
கேஸ் 5 கிலோ, கிலோ 100 ரூபாய்: 500
பொருளும் எரிபொருளும் சேர்த்து: 3,926

ஒரு நாள் கூலி: மாஸ்டருக்கு 1,000, உதவியாளுக்கு 700, சப்ளையர் இருவருக்கு 1,200, கிளீனருக்கு 500. மொத்தம் 3,400. இதே ஆட்கள்தான் காலை டிபனும் இரவுச் சாப்பாடும் போடுகிறார்கள் என்பதால் பாதியை மட்டும் மதியத்தில் ஏற்றுவோம்: 1,700. மாத வாடகை 30,000 என்றால் நாளுக்கு 1,000. அதிலும் பாதி, 500. கரண்டும் கேன் தண்ணீரும் 200.

ஆக மொத்தச் செலவு 6,326 ரூபாய். வரவு 7,000. மிச்சம் 674. ஒரு இலைக்கு 6 ரூபாய் 74 காசு.

இந்த 674 ரூபாய்க்குள்தான் எல்லா அதிர்ச்சியும் அடங்க வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. மெஸ்காரரால் தனக்கு வேண்டிய அளவை ரேஷன் கடையில் வாங்க முடியாது. 15 கிலோ காய்கறியில் 4 கிலோ தக்காளி என்று வைத்து, விலை 30-லிருந்து 120 ஆனால், ஒரே நாளில் கூடுதல் செலவு 360. மிச்சத்தில் பாதிக்கு மேல் ஒரே காயில் போய்விட்டது. 2022 மே மாதத்தில் 19 கிலோ வணிக சிலிண்டர் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டியது. கிலோவுக்கு 132 ரூபாய் ஆகிறது. ஐந்து கிலோவுக்கு 160 ரூபாய் கூடுதல். தக்காளியும் கேஸும் ஒன்றாக ஏறும் மாதத்தில் கையில் நிற்பது 154 ரூபாய்.

வரியும் இருக்கிறது. நாளுக்கு 7,000 ரூபாய், ஆண்டுக்கு 300 நாள் என்றால், மதியச் சாப்பாடு மட்டுமே 21 லட்சம். ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் வரம்பு அங்கேயே தாண்டிவிடுகிறது. ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள் தொகுப்பு வரித் திட்டத்தில் சேரலாம். அதில் விற்பனையில் 5 விழுக்காடு கட்ட வேண்டும். அதைச் சாப்பிடுபவரிடம் தனியாக வசூலிக்க முடியாது. 7,000-க்கு 350. மிச்சமிருந்த 674, இப்போது 324.

கணவன் அடுப்பிலும் மனைவி உதவிக்கும் நின்று நடத்தும் மெஸ்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதும் இதே தாளில் தெரிகிறது. மாஸ்டருக்கும் உதவியாளுக்கும் போக வேண்டிய 850 ரூபாய் வீட்டிலேயே நிற்கிறது. அதை லாபம் என்று சொல்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு கரைத்தவருக்கு யாரும் கொடுக்காத கூலி அது. மலிவின் முதல் மீதியைக் கொடுப்பவர் அவர்தான்.

மறுசோற்றின் விலை

எனக்கு மெஸ் பற்றிய இனிய நினைவுகளில் முதலிடம் மறுசோற்றுக்கு. "தம்பி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடும் சப்ளையர் அண்ணன்கள் இருந்தார்கள். மாதக் கடைசியில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவனை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். சாம்பாரை இலையில் ஊற்றும்போது வாளியின் அடியிலிருந்து அள்ளுவார்கள். காய் அங்கேதான் தங்கியிருக்கும்.

கணக்கில் அந்த அன்பு எவ்வளவு? 50 கிராம் அரிசி கூடுதலாக வடித்தால் ஒரு பெரிய கரண்டிச் சோறு கிடைக்கும். கிலோ 52 ரூபாய்க்கு அதன் விலை 2 ரூபாய் 60 காசு. ஒருவருக்கு மறுசோறு போட்ட பிறகும் அந்த இலையில் நாலு ரூபாய்க்கு மேல் நிற்கிறது. பசியோடு வந்தவன் நன்றாகச் சாப்பிட்டதால் எந்த மெஸ்ஸும் மூடப்பட்டதில்லை. தக்காளியும் கேஸும் வாடகையும்தான் மூட வைக்கின்றன. அன்லிமிடெட் போர்டு மாட்டிவிட்டு இரண்டாம் முறை கேட்டவனை முறைத்துப் பார்த்த கடைகளிலும் சாப்பிட்டிருக்கிறேன். 2 ரூபாய் 60 காசை மிச்சம் பிடிக்க, நாளைக்கும் வரவேண்டிய ஒருவரை அவர்கள் இழந்தார்கள்.

டோக்கன் என்னும் கடன்

மேன்ஷன்வாசிகளின் வாழ்க்கை டோக்கனில் ஓடியது. மாதம் பிறந்ததும் மொத்தமாகப் பணம் கட்டினால் கொஞ்சம் குறைவு. இன்றைய விலையில் போட்டுப் பார்ப்போம்: ஒரு டோக்கன் 67 ரூபாய் என்றால், நாளுக்கு இரண்டு வேளை வீதம் 60 டோக்கனுக்கு 4,020. தனித்தனியாகக் கொடுப்பதைவிட 180 ரூபாய் மிச்சம்.

மெஸ்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வட்டியில்லாக் கடன். நாற்பது பேர் கட்டினால் மாதத் தொடக்கத்திலேயே 1,60,800 ரூபாய் கல்லாவில் விழுகிறது. மளிகைக் கடைக்காரருக்கு ரொக்கம் கொடுத்து விலை குறைத்து வாங்கலாம். தண்டல் எடுக்க வேண்டியதில்லை. தண்டலில் 10,000 கேட்டால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள், நூறு நாள் தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும். இந்தச் சுமையிலிருந்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் வேலை தேடி ஊரிலிருந்து வந்த பையன்கள். தாங்கள் ஒரு கடைக்கு முதலீடு போட்டிருக்கிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

வருத்தமும் இதே டோக்கனில்தான் இருக்கிறது. ஞாயிறு இரவு மெஸ் விடுமுறை. மாதத்துக்கு நாலு டோக்கன் மிஞ்சும். நான் சாப்பிட்ட ஓர் இடத்தில் அந்த மாத டோக்கன் அடுத்த மாதம் செல்லாது. 4 டோக்கன் என்றால் 268 ரூபாய். 180 மிச்சம் பிடிக்கப் போய் 88 ரூபாய் கைநஷ்டம். கேட்டால் "ரூல் அப்படித்தான் சார்" என்றார்கள். பொங்கலுக்கு உரிமையாளர் குடும்பம் ஊருக்குப் போன நாட்களில் பன்னும் வாழைப்பழமும் தின்று படுத்த பையன்களுக்கு, பெட்டியில் கிடந்த டோக்கன் எதற்கும் உதவவில்லை. செல்லாமல் போகும் டோக்கனின் மீதியைக் கொடுத்தவர்கள் சாப்பிட வந்தவர்களே.

ஒரு ரூபாய் இட்லி

மலிவின் மீதியை அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட இடம் அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, மாலையில் இரண்டு சப்பாத்தி 3.

ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் சேர்த்து அரைத்தால் சுமார் 50 இட்லி வரும். அரிசி 45 ரூபாய், உளுந்து 30 ரூபாய் என்றால் 75. ஒரு இட்லிக்குத் தானியம் மட்டும் ஒன்றரை ரூபாய். ஒரு ரூபாய் விலை மாவுக்கே போதாது. அம்மா உணவகத்துக்கு அரிசி கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்ததால் தானியச் செலவு 62 காசாக இறங்கியது. சாம்பார், கேஸ், ஆட்கூலி எல்லாம் மாநகராட்சிப் பணம், அதாவது நம் எல்லாருடைய வரிப்பணம். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்களது நாள் கூலி 300 ரூபாயாக இருந்து பிறகு 325 ஆனது. மேலே போட்ட மாதிரிக் கணக்கில் உதவியாளுக்கு வைத்த 700-இல் பாதிகூட இல்லை. ஒரு ரூபாய் இட்லியின் மீதியில் அவர்கள் பங்கும் இருக்கிறது.

2020 ஊரடங்கில் மேன்ஷன்களும் மெஸ்களும் மூடிக் கிடந்தபோது இந்த உணவகங்கள் இயங்கின. ஆஸ்பத்திரியில் உறவினருக்குத் துணையாக இருப்பவர், கட்டட வேலைக்கு வந்தவர், இரவுக் காவல் முடித்துத் திரும்புபவர் ஆகியோருக்கு இவற்றைவிட்டால் வேறு இடமில்லை. 2024 ஜூலையில் சென்னையின் 388 அம்மா உணவகங்களைச் சீரமைக்க 21 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பாத்திரங்களுக்கு 7 கோடி, கட்டடங்களுக்கு 14 கோடி. சராசரியாக ஓர் உணவகத்துக்கு ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதினோரு ஆண்டு இடைவிடாமல் எரிந்த அடுப்புகளுக்கு இது பெரிய தொகை ஆகாது.

தனி மனிதராக மீதியை ஏற்றவர்களும் உண்டு. கோவை வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி விறகடுப்பில் சுட்ட இட்லியை ஒரு ரூபாய்க்கு விற்றது 2019-இல் நாடு முழுக்கத் தெரிந்தது. கேஸ் இணைப்பும், 2022-இல் புது வீடும் அவருக்குக் கிடைத்தன. அதுவரை அந்த இட்லிக்கு அவர் தன் உழைப்பையே மானியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேசை துடைத்த பையன்

என்னால் மறக்க முடியாதது இனிப்பானது இல்லை. இலை எடுத்து, மேசை துடைத்து, ஈர பெஞ்சுகளுக்கு நடுவே வாளியோடு ஓடிய சின்னப் பையன்கள் அந்த நாளில் பல கடைகளில் இருந்தார்கள். "டேய்" என்ற ஒரே பெயரில் எல்லாரும் கூப்பிட்டோம். 2006 அக்டோபர் 10 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களை உணவகங்களில் வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. 2016 சட்டத் திருத்தம் அந்தத் தடையைச் சில விலக்குகளோடு எல்லாத் தொழிலுக்கும் விரித்தது.

மேலே உள்ள கணக்கில் கிளீனரின் மதியக் கூலி 250 ரூபாய். நூறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டரை ரூபாய். வயது வந்த ஓர் ஆளுக்கு உரிய கூலி கொடுக்காமல் ஒரு குழந்தையை நிறுத்தியதில் நமக்கு மிச்சமானது, இன்றைய விலையில், அதிகபட்சம் அந்த இரண்டரை ரூபாய். அவன் இழந்தது பள்ளிக்கூடம்.

எண்ணெய்க் கணக்கும் இதே ரகம். பூரிச் சட்டியில் 3 லிட்டர் எண்ணெய் 450 ரூபாய். 150 பூரிக்குப் பிறகு மாற்றினால் பூரிக்கு 3 ரூபாய். கறுத்த எண்ணெயையே மறுநாளும் கொதிக்கவைத்தால் அந்த மூன்று ரூபாய் கடைக்கு மிச்சம். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. விதியை மீறும் கடையில் மீதியைச் சாப்பிடுபவர் வயிறு கொடுக்கிறது.

அரசின் பெரிய கணக்குகளில்கூட சமைத்து, பரிமாறி, மேசை துடைக்கும் கைகள் வருவதில்லை. 2019-20 பொருளாதார ஆய்வறிக்கை ஒரு தட்டுச் சாப்பாட்டின் விலையை ஆராய்ந்தது. 2006-07-ஐவிட ஒரு தொழிலாளியால் சைவச் சாப்பாட்டை வாங்க முடிவது 29 விழுக்காடும், அசைவச் சாப்பாட்டை 18 விழுக்காடும் மேம்பட்டதாகச் சொன்னது. அது வீட்டில் சமைக்கும் பொருளையும் எரிபொருளையும் வைத்துப் போட்ட கணக்கு. சமைத்தவர், பரிமாறியவர், துடைத்தவர் ஆகியோரின் கூலி அதில் இல்லை.

ஐந்து ரூபாய்

எழுபது ரூபாய்ச் சாப்பாடு எழுபத்தைந்து ஆனால் என்ன ஆகும்? நூறு இலைக்கு 500 ரூபாய் கூடும். மதியக் கூலி 1,700-ஐக் கிட்டத்தட்ட 30 விழுக்காடு உயர்த்த அது போதும். சாப்பிடுபவருக்கு, இரண்டு வேளைக்கு மாதம் 300 ரூபாய். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய். அதில் 300 என்பது 4 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சராசரிக்கு மேலே இருப்பவருக்கு அது பெரிதில்லை. கீழே இருப்பவருக்கு அது நாலு வேளைச் சோறு.

அதனால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்க வேண்டும். முடிந்தவர்கள் மெஸ்ஸில் விலை ஐந்து ரூபாய் ஏறும்போது முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் சப்ளையருக்கும் கிளீனருக்கும் போகிறதா என்று உரிமையாளரிடம் கேட்கவும் வேண்டும். முடியாதவர்களுக்காக, எந்த ஆட்சி வந்தாலும், மலிவு விலை உணவகங்கள் நல்ல சோறும் அங்கே சமைக்கும் பெண்களுக்கு நியாயமான கூலியுமாகத் தொடர வேண்டும். படிக்கவும் வேலை தேடவும் வந்த நம்மில் பலரை இந்த நகரங்கள் நிறுத்தி வைத்தது மலிவான சோற்றால்தான். அன்றைய மீதியைக் கொடுத்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இன்று அதே வாளியைத் தூக்குபவர்களுக்குக் கொடுக்கலாம்.