சூரியனும் கிணறும்

சங்கரன்கோவில் வட்டாரத்து விவசாயிக்கு உற்ற துணை கிணறுதான். மழை பொய்த்துக் குளம் வறண்டபோது பூவையும் மிளகாயையும் காப்பது கிணற்று ஜலமே. அதை மேலே கொணர மின்சாரம் வேண்டும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசம் என்பது உண்மையே. ஆயினும், இணைப்புக் கோரி மனுச் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவனுக்கு இலவசத்தால் என்ன பிரயோஜனம்? தலைக்கு மேல் சூரியன் காய்கிறது. காலடியில் ஜலம் கிடக்கிறது. நடுவே பயிர் வாடுகிறது.

இவ்விரண்டையும் இணைக்கும் கருவியே இன்வர்ட்டர். சூரியப் பலகைகள் தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். கிணற்று மோட்டாருக்கு வேண்டியதோ மூன்று கட்ட மாறுமின்சாரம். ஒன்றை மற்றொன்றாக்கித் தருவது இக்கருவியின் வேலை. சுமார் 30 வோல்ட் தரும் இருபது பலகைகளைத் தொடராக இணைத்தால் 600 வோல்ட் கிடைக்கும்; 415 வோல்ட் மோட்டாரை ஓட்ட அது போதும். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்குச் சுமார் 5 கிலோவாட் பலகைகள் தேவை. மேகம் கவிந்தால் இன்வர்ட்டர் அலைவெண்ணை 50-லிருந்து 40-க்குக் குறைக்கும். மோட்டார் நின்றுவிடாமல் மெதுவாகச் சுழலும்; சக்தியும் ஏறக்குறைய பாதியே செலவாகும். மேலும் தாழ்ந்தால் மோட்டார் சுழலுமேயன்றி ஜலம் ஏறாது. பாட்டரியும் அவசியமில்லை, பகலில் தொட்டியை நிரப்பிவைத்தால் அதுவே சேமிப்பு.

2019-ல் மத்திய சர்க்கார் 'குசும்' திட்டத்தை வகுத்து, சூரியப் பம்புகளுக்கு மானியமும் ஐந்தாண்டுப் பராமரிப்பும் உண்டென்று விதித்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் ஆறாம் ஆண்டில் இன்வர்ட்டர் பழுதானால் விவசாயி யாரிடம் போவான்? தூரத்து நகரத்திலிருந்து ஆள் வரும்வரை பயிர் பொறுத்திருக்குமா? மானியம் பம்பைக் கொடுக்கலாம்; அதைப் பழுது பார்க்கும் அறிவு ஊரிலேயே இருக்க வேண்டும்.

இது கைகூடாத காரியமென்று சொல்வோர்க்குக் கோயம்புத்தூரைக் காட்டுகிறோம். அந்நிய ஆட்சி நடந்த 1937-லேயே ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கே மின்மோட்டார் செய்து காட்டினர். அவ்வூரின் பம்புகள் இன்று தேசமெங்கும் ஜலம் இறைக்கின்றன. அன்று மோட்டாரில் சாதித்ததை இன்று இன்வர்ட்டரில் ஏன் சாதிக்கலாகாது? விசைத்தறிகள் ஓடும் சங்கரன்கோவிலில் மோட்டாரின் குணமறிந்த தொழிலாளர்களுக்குப் பஞ்சமில்லை. தென்காசி ஜில்லாவின் தொழிற்பயிற்சி நிலையங்கள் இன்வர்ட்டரைக் கட்டவும் பழுது பார்க்கவும் முறையாகக் கற்பிக்கட்டும். 600 வோல்ட் நேர்மின்சாரம் விளையாட்டன்று. அணைத்த பின்னும் கருவிக்குள் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆகவே அரைகுறைப் பயிற்சி கூடாது.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். சூரியன் விலை கேட்பதில்லை என்பதற்காகக் காலை முதல் மாலை வரை இறைத்தால், கிணறு வற்றும். பக்கத்து வயல்காரனும் பாழாவான். சொட்டுநீர்ப் பாசனமும் குளங்களைத் தூர்வாருதலும் இதனுடன் சேர்ந்தே நடைபெற வேண்டும்.

நிலம் நமது, ஜலம் நமது, வெயிலும் நமது. இடையிலுள்ள கருவிக்கு மட்டும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது சுயராஜ்யத்துக்கு அழகன்று. கிராமங்களில் வேலை செய்யும் தேச ஊழியர்கள் இதைத் தங்கள் முதற் பணிகளில் ஒன்றாக ஏற்று, சர்க்காரையும் தூண்டிச் செயல்படுவார்களென நம்புகிறோம்.